குரலும் நானும்

நம் மன்றத்தின் 2023-ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவில் வரவேற்புரை ஆற்ற எழுந்தவன், நான்காவது வாக்கியத்தில் நின்று, கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டதை உங்களிற் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். அவையில் சிலர் கைதட்டினர். உரை முடிந்தது என்று எண்ணினார்கள் போலும். பின்னர் என்ன நேர்ந்தது என்று கேட்டவர்கட்கெல்லாம், "தொண்டை கட்டிக்கொண்டது" என்று ஒரே விடையைக் கூறி நழுவினேன். அது முழு உண்மை அன்று. முழு உண்மை எனக்கே அன்று தெரியாது. பின்னர் அறிந்துகொண்டதை இம்மலர் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். நம்மிற் பலர் ஆசிரியராக, வழக்கறிஞராக, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுவோராக வாழப் போகிறவர்கள். குரலை நம்பி வாழப் போகிறவர்கள் குரலைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

தொடக்கம்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தீபாவளி கழிந்து, தில்லி மாநகரைப் புகைமூட்டம் கவிந்திருந்த காலம். விடுதியில் பலரைப் போலவே எனக்கும் சளியும் இருமலும் வந்தன. பத்து நாட்களில் சளி போயிற்று, இருமலும் போயிற்று. குரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

குரல் கரகரத்தது என்று மட்டும் சொன்னால் அது நோயின் பாதியே ஆகும். பேசுவதற்கு உழைக்க வேண்டியிருந்தது. காலையில் ஓரளவு எளிதாக இருக்கும். இளநிலை மாணவர்கட்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால், கழுத்தின் இருபுறமும் பாரம் சுமந்தவனுக்கு வலிப்பதுபோல் வலிக்கும். நண்பகலில் ஒரு சொல்லைச் சொல்வது, கிணற்றிலிருந்து நிறைகுடத்தை இழுப்பது போலாகிவிடும். "ஆமாம்" என்று சொல்ல வாயைத் திறப்பேன். முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும். எதிரில் இருப்பவர் நான் விடை சொல்ல மறுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

ஊரிலிருந்து அம்மா ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். அந்த ஞாயிறு நான் இரண்டு சொல் பேசுவதற்குள், "என்னய்யா, அழுதியா?" என்று கேட்டார். "இல்லம்மா, சளி" என்றேன். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி வந்தது. அதன்பின் பேசுவதை விடுத்துச் செய்தி எழுதி அனுப்பத் தொடங்கினேன். மகன் பேசாமல் எழுதுகிறான் என்பதே அவருக்குப் பெருங்கவலை ஆயிற்று. ஒரு வாரத்தில் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் சுக்கும் மிளகும் ஒரு பொதியாகத் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தன. விடுதிச் சமையற்கட்டில் பணிபுரியும் பெரியவர் ஒருவர், என் நிலையைக் கண்டு இரங்கி, "முலேட்டி" என்று சொல்லி ஒரு வேர்த்துண்டைத் தந்தார். வாயிலிட்ட பின்னரே அது நம் அதிமதுரம் என்று உணர்ந்தேன். இவை யாவும் தொண்டைக்கு இதமாக இருந்தன. குரலோ திரும்பவில்லை.

இந்த நிலையிலேதான் பொங்கல் விழா வந்தது. அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

குரல் பிறக்கும் வகை

என் கதையை இங்கு நிறுத்திவிட்டுக் குரல் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா முதலிய உறுப்புகளின் தொழிலால் வேறு வேறு எழுத்தாகிறது என்பது அதன் கருத்து. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தபோது இதன் நுட்பத்தை நான் உணரவில்லை. இன்றைய அறிவியலும் ஏறக்குறைய இவ்வழியே செல்கிறது. காற்று நுரையீரலிலிருந்து எழுகிறது, குரல்வளையில் ஒலியாகிறது, தொண்டையிலும் வாயிலும் மூக்கிலும் உருப்பெறுகிறது.

குரல்வளை என்பது மூச்சுக்குழலின் மேல்முனையில் உள்ள குருத்தெலும்புக் கூடு. அதனுள்ளே இருபுறமும் இரண்டு தசை மடிப்புகள் உள்ளன. அவற்றையே குரல் நாண்கள் என்கிறோம். நாண் என்றவுடன் வீணைத் தந்தியை எண்ணிவிடலாகாது. நாதசுரத்தின் சீவாளியை எண்ணுவதே பொருத்தம். சீவாளியின் இரண்டு தகடுகளுக்கு இடையே காற்றுப் புகும்போது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வே இசைக்கு வித்து. அவ்வாறே நாண்கள் இரண்டும் மெல்ல நெருங்கி நிற்க, கீழிருந்து வரும் காற்று அவற்றைத் திறக்கிறது. அவற்றின் மீள்தன்மையும் காற்றோட்டமும் சேர்ந்து அவற்றை மீண்டும் மூடுகின்றன. இப்படித் திறப்பதும் மூடுவதும் ஆடவர்க்கு நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறையும் நிகழ்கின்றன. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளையிலிருந்து தனித்தனி ஆணை வருவதில்லை. மூளை நாண்களை நிறுத்தி வைக்கிறது. காற்று அவற்றை ஆட்டுகிறது. இக்கொள்கையை 1958-இல் வான் டென் பெர்க் என்னும் டச்சு அறிஞர் விளக்கி நிலைநாட்டினார்.

நாதசுரக் கலைஞர் சீவாளியை நனைத்துப் பதப்படுத்தாமல் ஊதமாட்டார். அதனை உதட்டால் இறுகக் கவ்வினால் ஒலி நெரியும். ஈரமும் இளக்கமும் இல்லாவிடில் சீவாளி ஒலிக்காது. குரல் நாண்களுக்கும் அவ்விரண்டும் வேண்டும். இந்த உவமையை மனத்திற் கொள்ளுங்கள். இனிவரும் செய்திகளுக்கு இது துணையாகும்.

நாண்களை இயக்கும் நரம்பின் வழி வியப்பானது. மூளையிலிருந்து வரும் பத்தாவது நரம்பின் கிளை அது. கழுத்திலிருந்து நேரே குரல்வளைக்குச் செல்லாமல் கீழிறங்குகிறது. இடப்புறக் கிளை மார்புக்குள் புகுந்து, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது. ஆகவே கழுத்துக் கோளாறு மட்டுமன்றி, மார்பில் உள்ள கோளாறும் சில வேளைகளில் குரலில் தெரியும். குரல் கம்மினால் மருத்துவர் மார்பையும் ஆராய்வது இதனாற்றான்.

மருத்துவரைத் தேடி

முதல் மருத்துவர் தொண்டையை ஒரு சிறு விளக்கால் பார்த்துவிட்டு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் ஐந்து நாட்களுக்குத் தந்தார். பயனில்லை. இரண்டாமவர், இரைப்பையின் புளிப்பு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்குகிறது என்று கூறி, ஒரு மாதத்திற்கு வேறு மாத்திரை தந்தார். சிலர்க்கு அவ்வாறு நேர்வது உண்டு. எனக்கு அதனாலும் மாற்றமில்லை. மூன்றாமவர் மூக்கின் வழியே மெல்லிய குழலை விட்டுக் குரல்வளையைப் பார்த்தார். "நாண்கள் இரண்டும் நன்றாக அசைகின்றன, கட்டி இல்லை, புண் இல்லை. உங்களுக்கு ஒன்றுமே இல்லை, மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நோய் இல்லை என்று கேட்டால் எவரும் மகிழ்வர். நான் மகிழவில்லை. அன்று பேருந்தில் திரும்பும்போது, நடத்துநரிடம் இறங்குமிடத்தின் பெயரைச் சொல்ல முடியாமல், கைப்பேசியில் எழுதிக் காட்டினேன். ஒன்றுமில்லாதவன் ஏன் எழுதிக் காட்ட வேண்டும்? அப்படியானால் நானே இதனைச் செய்துகொள்கிறேனா? பேச அஞ்சுகிறேனா? சோம்பலா? நடிப்பா? இந்த வினாக்கள் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல் இருந்தது. ஆய்வுப் படிப்பு முடிந்ததும் வகுப்பறையே என் வாழ்வு என்று எண்ணியிருந்தவன் நான். குரலில்லாத ஆசிரியனை யார் ஏற்பார்?

காரணம் தெரியாத நோய் வேறு. இல்லாத நோய் வேறு. இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது குரல் நோய்களின் வரலாறு.

கண்ணாடியில் கண்ட குரல்

உயிருள்ள மனிதனின் குரல்வளை எப்படி இயங்குகிறது என்பதைத் தெளிவாகக் கண்டு உலகிற்கு உரைத்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு ஆசிரியர். மானுவேல் கார்சியா என்னும் அவர், 1854-ஆம் ஆண்டில் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, வேறொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தம் குரல் நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். மறு ஆண்டு இலண்டன் அரச கழகத்தில் அக்கண்டுபிடிப்பு அறிவிக்கப்பெற்றது.

பார்க்கும் வழி பிறந்த பின்னரும் எல்லாம் விளங்கிவிடவில்லை. 1871-இல் லுட்விக் திராவுபே என்னும் செருமானிய மருத்துவர், குரல் நெரிந்து இழுத்து இழுத்து வரும் ஒரு நோயை விவரித்தார். நாண்கள் பார்வைக்கு நலமாகவே இருக்கும். பேசும்போது மட்டும் தம்மையறியாமல் இறுக மூடிக்கொள்ளும். இதனை இன்று ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்கின்றனர்; தமிழில் குரல் இழுப்பு எனலாம். இந்நோயாளர் சிலர் தடையின்றிச் சிரிப்பர், பாடவும் செய்வர், பேச்சு மட்டுமே தடைப்படும். அதனாலேயே இது மனத்தின் கோளாறு என்று நூறாண்டுகளாக மருத்துவருட் பலர் கருதி வந்தனர். 1976-இல் டெடோ என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் குரல்வளை நரம்பு ஒன்றை வெட்டி இந்நோய்க்குப் பயன் கண்டதை வெளியிட்டார். 1984-இல் பிளிட்சர் என்பார் பொட்டுலினம் என்னும் நஞ்சை மிகச் சிறிய அளவில் குரல்வளைத் தசையில் ஊசியால் செலுத்தி இழுப்பைத் தளர்த்தினார். அதன் பயன் மூன்று நான்கு மாதங்கள் நிற்கும்; பின்னர் மீண்டும் ஊசி வேண்டும். இன்று இந்நோய் மூளை தசையை இயக்கும் முறையில் எழும் கோளாறு என்று கொள்ளப்படுகிறது. எனினும் அது ஒருவர்க்கு ஏன் வருகிறது என்பது இன்னும் விளங்கவில்லை. நூறாண்டுகளாக "மனப்பிரமை" என்று கேட்டுக் கேட்டுத் தலைகுனிந்தவர்கள் எத்தனை பேரோ!

கூகிள் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவரான லாரி பேஜ், தம் குரல் நாண்களிரண்டும் இயல்பாக அசைவதில்லை என்று 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமே எழுதி வெளியிட்டார். கடுமையான சளிக்குப் பின் குரல் கம்மத் தொடங்கியதையும், எவ்வளவு ஆராய்ந்தும் காரணம் புலப்படாததையும் அவர் அதில் குறிப்பிட்டார். அதனைப் படித்தபோது, எனக்கு விடை கிடைக்கவில்லையேயாயினும் துணை கிடைத்தது.

இரண்டு தமிழ் வாக்கியங்கள்

நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் நான்காவதாக ஒருவரிடம் சென்றேன். அவர் குரல்வளை நோய்களையே சிறப்பாகப் பயின்றவர். அவருடன் பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மையார் ஒருவரும் இருந்தார். மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் கற்றவர். இருவரும் முதலில் கருவியை எடுக்கவில்லை. அரைமணி நேரம் என்னைப் பேசச் செய்து கேட்டுக்கொண்டிருந்தனர்.

பின்னர் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கால் நாண்களைப் பார்த்தனர். நொடிக்கு நூறு முறை அதிர்வதைக் கண்ணால் தொடர இயலாது. அதிர்வின் வேகத்திற்கு மிக நெருங்கிய வேகத்தில் விளக்கை மின்னச் செய்தால், அதிர்வு மெல்ல நிகழ்வதுபோல் தோன்றும். ஓடும் மின்விசிறி சில விளக்குகளின் ஒளியில் மெதுவாகச் சுழல்வதுபோல் தெரிவதைக் கண்டிருப்பீர்கள், அதே தத்துவம். நாண்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் நான் பேசத் தொடங்கியதும், அவற்றைச் சுற்றியுள்ள பகுதி யாவும் முறுக்கிய பைவாய்போல் சுருங்கியதைத் திரையில் நானே கண்டேன்.

நலமாக அசையும் நாண்களையும் சுருங்கும் தொண்டையையும் வைத்து இரண்டு நோய்களை ஐயுறலாம். ஒன்று மேற்சொன்ன குரல் இழுப்பு. மற்றொன்று தசை இறுக்கத்தால் வரும் குரல்கேடு. முன்னதற்குப் பெரும்பாலும் ஊசி, பின்னதற்குப் பயிற்சி. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கக்கூடும். வேறுபடுத்த ஒரு வழி உண்டு என்றார் அம்மையார். குரல் இழுப்பின் மிகுதியான வகையில், நாண்கள் இடைவிடாது அதிர வேண்டிய ஒலிகள் நிறைந்த வாக்கியம் மிகவும் தடைப்படும். அதிர்வில்லா மெய்கள் நிறைந்த வாக்கியம் சற்று எளிதாக வரும். தசை இறுக்கத்தில் அவ்வேறுபாடு பெரிதாக இராது.

அவரிடம் இருந்தவை இந்தி வாக்கியங்களும் ஆங்கில வாக்கியங்களும். "உங்கள் தாய்மொழியில் செய்தால் நன்று, நீங்களே எழுதித் தாருங்கள்" என்றார். அப்போதுதான் வல்லினமும் மெல்லினமும் இடையினமும் எனக்குப் பயன்பட்டன. வல்லின மெய்கள் சொல்லின் முதலிலும் இரட்டித்தும் வரும்போது அதிர்வின்றி ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்தும் இரு உயிர்கட்கு இடையிலும் வரும்போது நெகிழ்ந்து அதிர்வுடன் ஒலிக்கும். எனவே இவ்விரண்டையும் எழுதினேன்:

"ஏழு மலை ஏறி எங்கள் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள்."

"பாட்டி கத்தரிக்காய்க் கூட்டுச் சட்டியைத் தட்டிப் பார்த்தாள்."

முதலாவது முழுதும் அதிர்வு. இரண்டாவதில் மெய்களுட் பெரும்பாலானவை அதிர்வில்லாதவை. இரண்டையும் பத்துப் பத்து முறை சொன்னேன். இரண்டும் ஒரே அளவில் என்னை வருத்தின. பிறகு இருமச் சொன்னார். இருமல் தெளிவாக ஒலித்தது. அம்மையின் கூட்டுச் சட்டி எதற்காகத் தட்டப்பட்டது என்று அவர் பொருள் கேட்க, நான் சிரித்துவிட்டேன். சிரிப்பும் தெளிவாக ஒலித்தது. நாண்கள் ஒன்றுகூடும் ஆற்றலை இழக்கவில்லை; பேச்சில் மட்டும் அவற்றைத் தேவைக்கு மேல் நெரிக்கிறேன் என்பது புலனாயிற்று. மற்றச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, இது தசை இறுக்கக் குரல்கேடு என்று முடிவு செய்தனர்.

"எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்டேன். மருத்துவர் கூறிய விடை இது: "சளியின்போது நாண்கள் வீங்கியிருந்தன. வீங்கிய நாண்கள் எளிதில் அதிரா. ஆகவே நீங்கள் அழுத்திப் பேசினீர்கள். வீக்கம் வடிந்தது; அழுத்தும் பழக்கம் நின்றுவிட்டது. இது என் ஊகம். பலர்க்கும் சளி வருகிறது. அவர்களுள் ஒருவர்க்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஆனால் நீங்கள் நடிக்கவில்லை. இதில் உங்கள் குற்றமும் இல்லை."

அந்தக் கடைசிச் சொற்களுக்காகவே அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

பயிற்சி

வாரத்திற்கு ஒரு நாளாகப் பத்து வாரங்கள் பயிற்சி நடந்தது. அம்மையார் முதலில் என் கழுத்துத் தசைகளை விரலால் மெல்லப் பிசைந்து, குரல்வளையைச் சிறிது கீழிறக்கினார். இறுகிய தசைகள் அதனை மேலே தூக்கி வைத்திருந்தன. வலித்தது, ஆனால் அவ்வலியின் நடுவே "ம்" என்று முனகச் சொன்னபோது, மூன்று மாதங்களாகக் கேட்காத என் பழைய குரல் ஒரு கணம் கேட்டது. கண்ணில் நீர் வந்தது என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

அடுத்தது குழல் பயிற்சி. இளநீர் குடிக்கும் உறிஞ்சு குழலை உதடுகளுக்கிடையே வைத்து, மறுமுனையை ஒரு குவளை நீரில் சிறிது அமிழ்த்தி, குமிழிகள் எழும்படி "ஊ" என்று ஒலிக்க வேண்டும். குழந்தை விளையாட்டுப்போல் தோன்றும் இதற்கும் தத்துவம் உண்டு. வாயின் வழி குறுகும்போது காற்றின் அழுத்தம் சிறிது பின்னோக்கித் தங்குகிறது. அது நாண்கள் ஒன்றோடொன்று கடுமையாக மோதாதபடி தாங்கி, குறைந்த முயற்சியில் அதிரச் செய்கிறது. இதனை ஆராய்ந்து பரப்பியவருள் முதன்மையானவர் இங்கோ டிட்சே என்னும் அமெரிக்க அறிஞர். நான் காலை, மாலை இருவேளையும் ஐந்து நிமிடம் செய்தேன். என் அறைத்தோழன் இரண்டு நாட்கள் சிரித்தான். மூன்றாம் நாள் தானும் ஒரு குழல் கேட்டான்.

முனகலிலிருந்து சொல்லுக்குச் செல்வது மூன்றாம் படி. மலை, மணி, மாமா, வானம் என மெல்லினத்திலும் இடையினத்திலும் தொடங்கும் சொற்கள் முதலில், அடுத்து வாக்கியம், பிறகு செய்தித்தாளை உரக்கப் படித்தல், இறுதியில் உரையாடல். தனியறையில் நன்றாக வந்த குரல், விடுதிக் கூடத்தில் நான்கு பேர் முன் மீண்டும் இறுகியது. பழைய பழக்கம் கூட்டத்தைக் கண்டால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் முன்னேற்றம், மறுவாரம் பின்னடைவு என்றே மாதங்கள் சென்றன.

இடையே ஏப்ரல் நேர்காணல் வந்தது. என் நிலையை முன்னதாகவே எழுதித் தெரிவித்தேன். குழுவினர் பொறுமையுடன் கேட்டனர். நானும் இருபது நிமிடம் ஒருவாறு பேசினேன். அந்தப் பணி எனக்குக் கிட்டவில்லை. குரல்தான் காரணமா, தகுதி மிக்கவர் வந்தாரா என்பதை நான் அறியேன். மறு ஆண்டு வேறொரு கல்லூரியில் வாரத்திற்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்தும் வாய்ப்புக் கிட்டிற்று. சட்டைப்பையில் அடங்கும் ஒலிபெருக்கி ஒன்றுடன் வகுப்புக்குச் செல்கிறேன். மாணவர்கள் முதல் நாள் அதனை வியப்பாகப் பார்த்தனர், பின்னர் மறந்துவிட்டனர்.

குரலைக் காக்கும் முறை

நான் கற்றவற்றுள் எல்லோர்க்கும் பயன்படுவன சில உண்டு.

குரல் கம்மல் நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குரல்வளையைக் கண்டறிந்தே ஆக வேண்டும். வெறும் தொண்டையைப் பார்த்தல் போதாது. நாண்கள் நாக்கிற்குக் கீழே ஆழத்தில் உள்ளன. விழுங்குவதில் தடை, மூச்சுத் திணறல், கழுத்தில் கட்டி, இருமலில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், கழுத்திலோ மார்பிலோ அறுவை நடந்தபின் குரல் மாறினாலும், புகைப்பவராக இருந்தாலும், நான்கு வாரம் காத்திருத்தல் தவறு. புற்றுநோய்கூடக் குரல் கம்மலாகத் தொடங்குவது உண்டு.

அடிக்கடி தொண்டையைக் கனைத்துச் சரிசெய்யும் பழக்கத்தை விடுக. ஒவ்வொரு கனைப்பும் நாண்களை ஒன்றோடொன்று அடிப்பதாகும். ஒரு மிடறு நீர் அருந்துவதே மேல். குரல் கம்மியவர் குசுகுசுவென்று பேசுவது ஓய்வாகாது. பலர் அதற்காகவும் தொண்டையை இறுக்குகின்றனர். மெல்லிய இயல்பான குரலில் சுருக்கமாகப் பேசுதல் நன்று.

இரைச்சலில் பேசுவதைக் குறைத்திடுக. சூழ இரைச்சல் மிகுந்தால் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதை 1911-இல் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டினார். நம் விடுதி உணவுக்கூடத்திலும் மெட்ரோ இரயிலிலும் நாள்தோறும் நாம் செய்வது அதுவே.

ஆசிரியப் பணிக்குச் செல்வோர் இதனைச் சிறப்பாகக் கருதுக. அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிரியருள் 100-க்கு 11 பேர் அப்போது குரல் தொல்லை உடையவராக இருந்தனர். ஏனையோருள் 100-க்கு 6 பேர். அறுபது மாணவர் நிறைந்து, மின்விசிறி இரைந்து, வெளியே வாகனம் முழங்கும் நம் வகுப்பறைகளில் ஒலிபெருக்கி கேட்பது ஆடம்பரம் ஆகாது. தச்சனுக்கு உளியைத் தீட்டிக்கொள்ளும் உரிமை உண்டு என்றால் ஆசிரியனுக்கு இவ்வுரிமை இல்லையா?

நிறைவாக

நான் முற்றும் குணமடைந்தேன் என்று சொல்லமாட்டேன். களைத்த நாட்களிலும் புகை கவிந்த நாட்களிலும் பழைய இறுக்கம் எட்டிப் பார்க்கிறது. அன்று குழலையும் குவளையையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறேன். ஞாயிறுதோறும் அம்மாவிடம் பேசுகிறேன். சில ஞாயிறுகளில் இன்னமும் "அழுதியா?" என்று கேட்கிறார். "இல்லம்மா, இன்னிக்கு அஞ்சு மணி நேரம் பேசிட்டேன்" என்று உண்மையைச் சொல்கிறேன். அவரும் பனங்கற்கண்டு தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, ஊர்ச் செய்திகளைத் தாமே சொல்லத் தொடங்குகிறார்.

அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நண்பரோ வகுப்புத் தோழியோ பேசும்போது குரல் நின்றுவிட்டால், அவர் சொல்ல வந்ததை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "ஒன்றுமில்லை, எல்லாம் மனம்தான்" என்று ஆறுதலும் கூறாதீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள். அன்று பொங்கல் மேடையில், நான்காம் வாக்கியத்தில் நான் நின்றபோது, முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி மட்டும் கைதட்டாமல், நான் தொடர்வேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அன்று தொடர முடியவில்லை. அந்தத் தம்பி பார்த்த பார்வையை நம்பியே இந்த ஆண்டு விழாவில் மீண்டும் எழுந்தேன். ஒலிபெருக்கியை அருகே இழுத்து வைத்துக்கொண்டு, அன்று மடித்து வைத்த அதே தாளை விரித்து, நான்காம் வாக்கியத்திலிருந்து படித்தேன்.